அப்பாவோடு கோவாவா?

"கோவா போறேன்" என்று ஆபீசில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் கண்ணடிப்பார். எதிர் சீட்காரர், "நடத்துங்க, நடத்துங்க" என்பார். அதே மூச்சில், "அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். துக்கம் விசாரிக்கிற மாதிரி எல்லோரும் எழுந்து வருவார்கள்.

எனக்கு அதுதான் நடந்தது.

எனக்கு ஊர் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டின ஊர். தடுக்கி விழுந்தால் பட்டாசுக் கடை, எழுந்து நின்றால் அச்சாபீஸ். படிப்பு பி.காம். பகலில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி பத்திரிகைக்கு எழுதுகிறேன். இரண்டுக்குமே கற்பனை வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஊர் சுற்றாதவர்கள் என்று சொல்ல முடியாது. 1920-களிலேயே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரைக்கும் போனவர்கள். ஆனால் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே என்று அச்சு வந்தது. தீப்பெட்டிக்குப் பின்னாலேயே பட்டாசு வந்தது. அதாவது, பயணம் போனால் கையில் ஒரு லாபத்தோடு திரும்ப வேண்டும். சும்மா போய்விட்டுச் சும்மா வருவது எங்கள் ஊர்க் கணக்கில் நஷ்டம்.

இந்த லட்சணத்தில் நாங்கள் ஐந்து பேர் ஆறு வருஷமாக கோவாவுக்குப் 'பிளான்' போட்டுக்கொண்டிருந்தோம். முதல் வருஷம் ஒருத்தனின் தங்கச்சிக்குக் கல்யாணம். இரண்டாம் வருஷம் இன்னொருத்தனுக்கே கல்யாணம். அதற்குப் பிறகு அவனை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை!

பட்டாசுக் கம்பெனி ஆபீசில் இருக்கும் நண்பன் ஒருவன் மட்டும் சளைக்கவில்லை. ஒருநாள் செல்போனில் ஒரு படம் காட்டினான். அகலமான ஆறு. கரையிலே கலர் கலராக வீடுகள். ஓட்டுக்கூரை. மேட்டில் ஒரு சர்ச்.

"போர்ச்சுகல்ல போர்ட்டோன்னு ஒரு ஊரு மாப்ளே. மூணே நாள்ல சுத்திப் பார்த்துடலாமாம்."

"பாஸ்போர்ட் இருக்கா?"

"ரேஷன் கார்டுலயே இன்னும் அட்ரஸ் மாத்தலை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவும் பாஸ்போர்ட் இல்லாமல், ஸ்லீப்பர் கிளாஸ் டிக்கெட்டில் கிடைக்கிற ஊர் ஒன்று இருக்கிறதே! மாண்டவி ஆற்றங்கரையில் பணஜி. போர்ச்சுக்கீசியர்கள் 1510-ல் கோவாவைப் பிடித்தவர்கள், 1961 டிசம்பர் 19-ல்தான் விட்டார்கள். 451 வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தவன் சுவரில் ஆணியாவது அடித்திருக்க மாட்டானா? ஒரு ஊரையே கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

நம்மிடம்கூடக் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, ஏலம், கடுதாசி... எல்லாம் போர்ச்சுக்கீசியன் கொடுத்த வார்த்தைகள். ஜன்னலைச் சாத்திவிட்டு அலமாரிச் சாவியை மேஜையில் வைத்தால், பாதி போர்ச்சுக்கீசு பேசியாகிவிட்டது!

இதையெல்லாம் வீட்டில் அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"ஏய்யா... அந்தப் படிக்கட்டு சர்ச் இருக்கிற ஊரா?"

அப்பா அச்சாபீஸில் இருந்தவர். ஈய எழுத்துக் கோர்க்கிற கம்போசிட்டராகப் போய்ச் சேர்ந்து, ஆப்செட் வந்ததும் மிஷினுக்கு மாறி, நாற்பது வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவர். எதிரும் புதிருமாக ஏறுகிற வெள்ளைப் படிக்கட்டும் மேலே வெள்ளைச் சர்ச்சுமாக ஒரு படம் காலண்டர் காலண்டராக வருமே, பார்த்திருப்பீர்கள். அதுதான் பணஜி சர்ச்.

"எத்தனை வருஷம் அடிச்சிருக்கேன் அதை! நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்கா?"

அப்பா வெளியூர் போனதெல்லாம் கல்யாணம், கருமாதி, குலதெய்வம் கோயில். இந்த மூன்றும் இல்லாமல் அவர் ரயில் ஏறி நான் பார்த்ததில்லை. "நீங்களும் வாங்கப்பா" என்று வாய் சொல்லிவிட்டது. மறுப்பார் என்ற தைரியம்தான். மனுஷன் அன்று சாயங்காலமே டவுனுக்குப் போய் ஒரு குல்லா வாங்கி வந்துவிட்டார்!

நண்பர்கள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். ஆக, ஆறு வருஷப் பிளான் இரண்டு டிக்கெட்டாகச் சுருங்கியது.

இனி உங்களுக்கு உபயோகமான சங்கதிக்கு வருவோம்.

எப்போது போவது? எங்கள் ஊரில் பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்த கையோடு லீவு. அச்சாபீஸ்காரர்களுக்கு, ஆடிப் பெருக்குக்கு ஆல்பம் போட்டு ஆரம்பிக்கிற காலண்டர் சீசன் அடங்கின பிறகுதான் மூச்சு. கணக்கு எழுதுகிற ஜாதிக்கு மார்ச் வந்தால் சொந்த வீடே வெளியூர். மூன்றுக்கும் பொதுவாகப் பொங்கல் கழிந்து ஒரு இடைவெளி உண்டு. வெயில் இன்னும் ஏறியிருக்காது. டிசம்பர் கடைசியில் போகாதீர்கள்; ரூம் வாடகையைக் கேட்டால் அங்கேயே புதுவருஷ சபதம் எடுத்துவிடுவீர்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முன்னால் பணஜியில் கார்னிவல் நடக்கும். கூட்டம் பிடித்தவர்கள் அதற்குப் போகலாம். அப்பாவோடு போகிறவர்கள் தள்ளி வைக்கலாம்.

எப்படிப் போவது? திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக, கொங்கண் தடத்தில் மட்காவ் தாண்டிப் போகிற ரயில்கள் வாரத்தில் சில நாள் உண்டு. ஒரு பகலும் ஒரு ராவும் சரியாக இருக்கும். 1998-ல் கொங்கண் ரயில் முழுசாகத் திறந்த பிறகு வந்த சவுகரியம் இது. முன்பு 120 நாள் முன்னாலேயே டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அதாவது கார்த்திகையிலேயே காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள். மட்காவில் இறங்கினால் பணஜி முப்பத்தைந்து கிலோமீட்டர் பக்கம்.

எங்கே தங்குவது? இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கோவா என்றால் பீச் என்று கடற்கரையில் ரூம் போட்டுவிட்டு, பணஜியை பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்த மூன்று நாள் பிளானுக்கு ரூம் பணஜியில்தான் இருக்க வேண்டும். ஊர் சின்னது. நடந்தே பார்க்கலாம். நடக்கிறவனுக்குச் செலவு செருப்போடு சரி.

கிழமையும் முக்கியம். பழைய கோவாவில் இருக்கும் தொல்லியல் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை சர்ச்சுகளில் பூசை நடக்கும். ஆகவே வெள்ளி பணஜி, சனி பழைய கோவா, ஞாயிறு ஆறு. ரயில் கிடைக்கிற நாளைப் பொறுத்து முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் விடிகாலை ஹோட்டல் வாசலில் 'பாம் பாம்' என்று சத்தம். "காலங்காத்தால ஐஸ்காரன் வந்திருக்கான் பாரு" என்றார் அப்பா. எட்டிப் பார்த்தால் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு ரொட்டிக்காரர். ரொட்டி சாப்பிடுகிற பழக்கமும் போர்ச்சுக்கீசியர் உபயம்தான். கோதுமைத் தவிடு தூவின உப்பலான ரொட்டி ஒன்று அங்கே பிரசித்தம். அதன் பெயர் 'போய்'. டிபனுக்கு உட்கார்ந்ததும் சர்வர் பையன் அப்பாவைப் பார்த்து, "போய்?" என்றான்.

அப்பா முகம் மாறிவிட்டது. "இப்பத்தான்யா வந்து உட்கார்ந்தோம்!"

அப்புறம் மூன்று 'போய்' சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

நேரே படிக்கட்டு சர்ச். 1541-ல் சின்னதாக எழும்பி, 1619-ல் பெரிதாகத் திரும்பக் கட்டப்பட்ட மாதா கோயில். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கியிருக்குமோ என்று பக்கத்தில் போனேன்.

"நாங்க வானத்துல சயானை ஜாஸ்தி விட்டிருக்கோம். இங்கே பாரு, இவ்வளவு நீலம் இல்லை."

சர்ச்சுக்கு எதிரே கார்சியா டி ஓர்ட்டா பெயரில் ஒரு பார்க். நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563-லேயே கோவாவில் புத்தகம் அச்சிட்ட வைத்தியர் அவர். அச்சுப்பிழைக்குப் பேர் போன புத்தகம். பிழை திருத்தமே பக்கம் பக்கமாக ஓடும். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்பவும் புரூப் பார்க்கிறவன் தூங்கிட்டானா!"

அங்கிருந்து நடந்தால் ஃபோன்டைன்யாஸ். நண்பன் காட்டிய போர்ட்டோ படம் மாதிரியே தெருக்கள். மஞ்சள் வீடு, நீல வீடு, காவி வீடு. ஓட்டுக்கூரை, ஆளை இடிக்கிற பால்கனி, சிப்பி பதித்த ஜன்னல். வெள்ளையடிப்பது சர்ச்சுக்கு மட்டும்தான் என்று அந்தக் காலத்தில் வழக்கமாம். நான் 'ஆகா' போட்டுக்கொண்டு வர, அப்பா வேறு கணக்கில் வந்தார். "இது சுத்த மஞ்சள். அதுல மெஜந்தா கலந்திருக்கு. இந்தக் கோடி வீட்டுல பார்டர் பிசிறு இல்லை, ரிஜிஸ்டர் கரெக்ட்டா உட்கார்ந்திருக்கு." நாற்பது வருஷம் நாலு கலரோடு குப்பை கொட்டியவருக்கு ஒரு தெரு முழுக்கப் பரீட்சைத் தாள்!

ஒரு எச்சரிக்கை. அது குடும்பங்கள் குடியிருக்கிற தெரு. வாசல்படியில் ஏறி போஸ் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஜோடி வந்து போட்டோ எடுத்தால் உங்கள் பாட்டி என்ன சொல்வாளோ, அதைத்தான் கொங்கணியில் அங்கே சொல்வார்கள்.

இரண்டாம் நாள் பழைய கோவா. பஸ்ஸில் பத்து கிலோமீட்டர். வழியில் ரிபந்தர் வரைக்கும் 1630-களில் கட்டிய பாலச் சாலை, சுமார் மூன்று கிலோமீட்டர், இன்னும் வண்டிகளைத் தாங்குகிறது. தலைநகரமாக ஜேஜே என்று இருந்த ஊர் பழைய கோவா. கொள்ளை நோய் வந்து வந்து ஆட்களைக் கொண்டுபோனது. 1759-ல் வைஸ்ராய் பணஜிக்குக் குடிபோனார். 1843-ல் பணஜியே தலைநகரம் என்று அறிவித்துவிட்டார்கள். மிச்சம் சர்ச்சுகள்தான். அகஸ்டின் சர்ச்சின் ஒற்றைக் கோபுரம் மட்டும் 46 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் மணிதான் இப்போது பணஜி படிக்கட்டு சர்ச்சில் அடிக்கிறது.

பாம் ஜீசஸ் பசிலிக்காவில் புனித சவேரியாரின் உடல். 1552-ல் சீனக் கரையோரத் தீவில் இறந்தவர். பத்து வருஷத்துக்கு ஒருமுறை கீழே இறக்கித் தரிசனத்துக்கு வைப்பார்கள். கடைசியாக 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை வைத்தார்கள். "நம்ம தூத்துக்குடிப் பக்கம் வந்தவராச்சே" என்று அப்பா கும்பிட்டார். உண்மைதான். 1542-லிருந்து முத்துக்குளித்துறை முழுக்க நடந்து, ஜபங்களைத் தமிழில் உருப்போட்டுச் சொல்லிக் கொடுத்தவர்.

இனிமேல் சொல்லப்போவது கைடு புத்தகக்காரர்கள் அரை வரியில் தாண்டிப் போகிற இடம். நான் இந்தப் பயணத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டதற்கு, பின்னால் கண்டுபிடித்த நியாயமும் அதுதான்.

1556-ல் போர்ச்சுகலிலிருந்து ஒரு கப்பலில் ஒரு அச்சு மிஷின் ஏறியது. அது போக வேண்டிய இடம் அபிசீனியா. வழியில் கோவாவில் நின்றது. கொண்டுபோக வேண்டிய பாதிரியாருக்குப் பயணம் தட்டிப்போக, மிஷின் இங்கேயே தங்கிவிட்டது. லாரி ஆபீஸ் பார்சல் ஊர் மாறி இறங்குவது போலத்தான். அதுதான் இந்தியாவுக்கு வந்த முதல் அச்சு மிஷின். வைத்த இடம், பழைய கோவாவில் புனித பவுல் கல்லூரி. தமிழுக்கான ஈய எழுத்து 1577-ல் கோவாவில் வார்க்கப்பட்டது. அடுத்த வருஷம் கொல்லத்தில் இன்னொரு முறை வார்த்தார்கள். 1578 அக்டோபர் 20-ம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 16 பக்கம். இந்திய மொழி ஒன்று சொந்த எழுத்தில் புத்தகமானது அப்போதுதான். அதற்கும் முன்னால் 1554-ல், இன்னொரு ஆற்றங்கரை ஊரான லிஸ்பனில், தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மதம் பரப்பத்தான் கொண்டுவந்தார்கள். அதே ஊரில்தான் 1560 முதல் மத விசாரணை மன்றமும் உட்கார்ந்து ஜனங்களை வாட்டியது. அதையும் மறைப்பதற்கில்லை.

அந்தக் கல்லூரியைத் தேடிப் போனோம். ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. இளநீர் விற்ற அம்மாவுக்குத் தெரியவில்லை. "காலேஜா? பணஜியில்தான் இருக்கு" என்றார் ஒரு போலீஸ்காரர். வெயிலில் அலைந்து, அப்பா குல்லாவைக் கழற்றி விசிறிக்கொள்ள ஆரம்பித்தபோது, சாலையோரம் மரங்களுக்கு நடுவே தெரிந்தது.

ஒரு வாசல். அவ்வளவுதான். செம்புரைக்கல்லில் வளைவு, இரண்டு பக்கமும் தூண். பின்னால் கட்டடம் கிடையாது. 1832-ல் இடித்துவிட்டார்கள். வாசல் வழியாக உள்ளே பார்த்தால் செடியும் வானமும்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதைப் பார்க்கவா இந்த வயசானவரை இழுத்து வந்தோம்?

அப்பா ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றினார். வாசலுக்குப் பக்கத்தில் போய்க் கல்லில் கை வைத்தார். திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"என்ன மிஷின்? டிரெடிலா?"

"இல்லப்பா. கையால இழுக்கிறது. மரத்துல செஞ்சது."

"மணிக்கு எத்தனை ஓடியிருக்கும்?"

"தெரியலையே."

"மையை யார் தடவுறது? தாளை ஈரம் பண்ணித்தான் போட்டிருப்பான். காய வைக்க இடம் வேணுமே..." என்று ஆள் இல்லாத அந்த வெட்டவெளியில், இங்கே கேஸ் இருந்திருக்கும், இங்கே மிஷின், அந்த மூலையில் தாள் கட்டு என்று ஒரு அச்சாபீஸையே கட்டி முடித்துவிட்டார். கேஸ் என்றால் கம்போசிட்டர் முன்னால் இருக்கிற எழுத்துப் பெட்டி. அவர் விரல்கள் காற்றிலே எழுத்துப் பொறுக்கின. அந்தக் கை அப்படி ஓடி, நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்தது.

"தமிழ் எழுத்து மொத்தம் எத்தனை அறை வேணும் தெரியுமா? இங்கிலீஷ் மாதிரி இல்லை. அதைப் போய், பாஷை தெரியாத ஊர்ல உட்கார்ந்து ஒருத்தன் வார்த்திருக்கான்னா..." என்று நிறுத்தினார். பிறகு, "நாங்க ஈயத்தையெல்லாம் கிலோ கணக்குல எடைக்குப் போட்டோம்யா" என்றார்.

வீட்டில் அப்பா தன் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை. ஸ்கூல் பாரத்தில் 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்றுதான் எழுதச் சொல்வார். அது இப்போது ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. போட்டோ மட்டும் எடுத்தேன்.

மூன்றாம் நாள் ஆறு. பணஜியிலிருந்து எதிர்க்கரை பெத்திமுக்குப் படகு. நாங்கள் போனபோது நடந்து ஏறியவர்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. ஓசியில் ஆறு கடந்தது அப்பாவுக்கு இன்னும் நம்ப முடியவில்லை. சாயங்காலம் மாண்டவியில் மிதக்கிற சூதாட்டக் கப்பல்களில் விளக்கு போடுவார்கள். வெளிச்சத்தைக் கரையிலிருந்து பார்ப்பது இலவசம். உள்ளே போய்ப் பார்ப்பதற்கான செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை.

பீச்? பார்த்தோம், மிராமாரில். பணஜிக்குள்ளேயே, ஆறு கடலைத் தொடுகிற இடம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக் காலை நனைத்தார். "திருச்செந்தூர்ல அலை ஜாஸ்தி" என்று தீர்ப்பும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் டீக்கடைக்கு அவரோடு போனேன். ஏற்கெனவே விஷயம் பரவியிருந்தது. அப்பா வயசுக்காரர்கள் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, இந்த வயசுல கோவாவா? எதுக்குப் போனீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"நம்ம தொழிலுக்கு ஹெட் ஆபீஸ் அங்கேதான் இருந்திருக்கு. ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்தேன்."